ஒரே ஒரு படி

தொலைபேசியில் சொன்னார்கள்:
எல்லாம் வசதியாக இருக்கிறது, தரைத்தளம்,
வாசலில் ஒரே ஒரு படி.

எனக்கு நாற்பத்தொரு வயது.
ஆறு வருடமாக முதியோர் இல்லத்தில் இருக்கிறேன்.
கழுத்துக்குக் கீழே எதுவும் என் பேச்சைக் கேட்பதில்லை,
வேறு இல்லம் எதுவும் என்னைக் கேட்டதில்லை.
பக்கத்துக் கட்டிலில் மிஸஸ் படையாச்சி, எண்பத்தெட்டு.
என்னைத் தன் தங்கை என்று நினைத்து
தினமும் திட்டுவார்,
இரவல் வாங்கித் திருப்பாத ஒரு புடவைக்காக.
ஏழு மணிக்கு விளக்கணைத்து விடுவார்கள்.
எட்டுக்கும் ஒன்பதுக்கும் நான் விழித்தபடி.

வீட்டுவசதித் துறை சொல்கிறது,
பார்த்துக்கொள்ள ஆள் உறுதியானால் வீடு.
சமூகநலத் துறை சொல்கிறது,
வீட்டு முகவரி இருந்தால் ஆளுக்குப் பணம்.
இரண்டு கட்டடமும் டர்பனில் ஒரே தெருவில்தான்.
நடுவில் ஒரு பன்னி சௌ கடை.
நொம்புலெலோ கால் ரொட்டி பீன்ஸ் வாங்கி ஊட்டிவிட்டாள்.
காலாவது கிடைத்ததே என்றேன்.
தமிழ் தெரியாது அவளுக்கு. சிரித்துவைத்தாள்.
குழம்பு சொட்டியது, கேள்வி பதினொன்றின் மேல்:
சமைக்கத் தெரியுமா? ஆம். இல்லை.
தெரியும். வாயாலேயே நண்டுக் குழம்பு வைப்பேன்,
கேட்டுச் செய்ய ஒரு ஜோடிக் கை இருந்தால்.
இரவு இரண்டு மணிக்கு என்னைத் திருப்பிப் போட
யாராவது வேண்டும் என்பதற்கு
அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.

விதிப்படி அசலுக்கு மூன்று படி, போலீஸ் முத்திரையோடு.
ஸ்டேஷனுக்கு ஏழு படி.
கான்ஸ்டபிள் நல்லவர், வெளியே வந்து
என் மடியில் வைத்தே ஓங்கிக் குத்தினார்.
வலித்ததா என்றார்.
இல்லை ஐயா. எனக்கு அங்கே ஒன்றும் வலிப்பதில்லை.

பிறகு அந்த வீடு. சாட்ஸ்வர்த் சரிவில், நீலக் கதவு.
நொம்புலெலோ தையல் டேப் வைத்து அளந்தாள்:
பதினேழு சென்டிமீட்டர்.
நாற்காலி பாட்டரியோடு நூற்றிருபது கிலோ, நான் நாற்பத்தாறு.
டாக்ஸி நிறுத்தத்துப் பையன்கள் நாலு பேர் ஓடிவந்தார்கள்,
ஆன்ட்டி, ஒரு நொடியில தூக்கிடுவோம்.
தங்கமான பையன்கள்.
வேண்டாம் என்றேன்.
குளிக்கத் தூக்கி, காரில் ஏற்றத் தூக்கி,
அப்பாவின் பெட்டி மூடும்முன் முகம் காட்டத் தூக்கி.
போதும்.
என் வீட்டுக்குள்ளாவது நான் போக வேண்டும்.

அதிகாரி மணி பார்த்துக்கொண்டார்.
திறந்த கதவுக்கு வெளியே நின்று வீடு பார்த்தேன்.
நடைவழி அகலம், நாற்காலி திரும்பும்.
கடைசியில் ஒரு குழாய் சொட்டுகிறது.
நிலைக்கட்டையில் பென்சில் கோடுகள்,
யாரோ ஒரு ப்ரிதேஷ் வளர்ந்திருக்கிறான், வருடத்துக்கு ஒரு விரல்.
கடைசிக் கோடு என் கண்மட்டத்தில்.

ஒன்றுக்குப் பன்னிரண்டு, சரிவுப் பாதையின் கணக்கு.
பதினேழுக்கு இருநூற்று நான்கு.
கேட்டிலிருந்து மூன்று மீட்டர் இருக்கிறது, இடிக்கவில்லை.
செங்கல் துண்டால் சிமெண்டில்
நொம்புலெலோ இரண்டு கோடு இழுத்தாள்.
தாடையால் நெம்பி, இல்லாத அந்தச் சரிவில்
ஏறினேன், முன்சக்கரம் படியை முட்டும்வரை.

யார் செலவு என்றார் அதிகாரி.
வீட்டுவசதிக்கு அது பராமரிப்பு.
சமூகநலத்துக்கு அது கட்டடம்.
மேட்டுக்கு அப்பால் மழை கறுத்துக்கொண்டிருந்தது,
இரண்டு கோடுகளை நோக்கி.

அன்றிரவு மின்வெட்டு.
காற்றுமெத்தை மெல்ல மெல்ல இளைத்து
கட்டிலின் இரும்பு முதுகுக்கு வந்ததை
என் கழுத்து மட்டும் அறிந்தது.
இருட்டில் மிஸஸ் படையாச்சி கேட்டார்:
அடியே, என் புடவை கிடைச்சுதா?

கிடைச்சுது அக்கா, என்றேன்.
முந்தானையிலதான்
பதினேழு சென்டிமீட்டர் குறையுது.