நாலாவது திரி

ஆமர் வீதி முனையில்
பஸ்ஸுக்கு வழிவிட ஒதுங்கியபோது
கார் இடப்பக்கம் நொண்டியது.
இறங்கிப் பார்த்தால்
பின்சில்லு சப்பளித்துச் சம்மணமிட்டிருந்தது.

டிக்கியில் ஸ்பெயார் வீல்.
தடவினால்
சவரம் செய்த கன்னம்.
அதிலும் காற்றில்லை.

காரை ஜாக்கியின் பொறுப்பில் விட்டு
கழற்றிய சில்லை உருட்டிக்கொண்டு போனேன்.
இஃப்லால் நானா தொட்டியில் அமுக்கினார்.
தண்ணீர் ஒருகணம் யோசித்தது,
பிறகு முத்துமுத்தாய்ச் சொல்லிவிட்டது.

கூரைத் தகட்டு ஆணி.
தலை தேய்ந்து காசுபோல் மினுங்கியது.
எத்தனை நாளாய் என்னோடு ஓடியதோ.

சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வட்டம் போட்டார்.
தள்ளி இன்னொன்று.
இன்னுமொன்று. இன்னுமொன்று.
"தம்பி, இதுல ஏற்கெனவே மூணு திரி இருக்கே.
முந்தி ஆரு ஓட்டின காரு?"

லேடி டொக்டர் ஒருத்தர், என்றேன்.
ஒரே ஓனர்.
ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் மட்டும்தான்.
விற்றவன் சொன்னதை
விற்றவன் குரலிலேயே சொன்னேன்.
இஃப்லால் நானா சிரிக்கவில்லை.
அதுதான் ஒரு மாதிரி இருந்தது.

ஓரத்திலிருந்து அளந்தார்.
"ஒரு விரல் என்டா தொடவே மாட்டன்.
மூணு விரல் என்டா யோசிக்கவே மாட்டன்.
இது ரெண்டு."

புதுசு இருபத்தெட்டாயிரம்.
திரி அறுநூறு.
சட்டைப்பைக்குள் விரல் விட்டு
தெரிந்த தொகையையே மறுபடி எண்ணினேன்.

"எங்க போறீங்க?"
டயருக்கு வைத்தியம் கேட்டால்
மனுசனிடம் பயணம் விசாரிக்கிறார்.
"கொழும்புக்குள்ள என்டா பயமில்ல.
இங்க ஆரு ஓடுறது, எல்லாரும் ஊருறதுதானே.
ஹைவே என்டா வாணாம்.
நூறுல வெடிச்சா
நான் பக்கத்துல இருக்க மாட்டன்."

விடிந்தால் கட்டுநாயக்கா.
ஸ்டெல்லா வருகிறாள்,
குவைத்தில் நாலு வருசம் எட்டு மாதம் கழித்து.
அவள் அனுப்பிய காசில் வாங்கிய கார்.
அவள் போனில் மட்டும் பார்த்த கார்:
முன்பக்கம், ஸ்டியரிங், புது சீட்டு உறை.
டயரைப் படமெடுத்து
யார் அனுப்புவார்?

போடுங்க நானா, என்றேன்.
ஊசியால் ஓட்டையை இன்னும் குடைந்தார்.
அடைக்க முன்னம் அகட்டத்தான் வேணுமாம்.
நான் எதிர்க்கடைப் பெயர்ப்பலகையை
மூன்று மொழியிலும் வாசித்தேன்.
பசை தோய்ந்த திரி முறுகி இறங்கியது.
எச்சில் தொட்டு மேலே வைத்தார்.
குமிழி வரவில்லை.
வந்திருந்தால் நல்லதோ என்று
ஒரு நொடி தோன்றியது.
யோசிக்கிற வேலையாவது மிஞ்சியிருக்காது.

மறுநாள்
அவளை ஏற்றிக்கொண்டு திரும்புகையில்
ஹைவேப் பலகை அம்பு காட்டியது.
பார்க்காத மாதிரி விட்டேன்.
சீதுவை, ஜா-எல, கந்தானை.
முள் நாற்பதைத் தாண்டவில்லை.
லொறிகள் ஏசிக்கொண்டே முந்தின.
சிவப்பு விழுந்த சந்திதோறும்
உள்ளுக்குள் ஒரு தோத்திரம்.

பின்னால் பெட்டி, கயிறு கட்டிய கம்பளி.
பக்கத்தில் அவள்,
பெல்ட்டில் கன்னம் சாய்த்துத் தூங்கினாள்.
தூக்கத்திலும் கைப்பையை இறுக்கியிருந்தாள்.
அந்தப் பழக்கம் எனக்குத் தெரியாது.

மாபோலையில் கண் திறந்தாள்.
"ஏன் இந்த றோட்டால?
ஹைவேக் காசு மிச்சம் பிடிக்கவா?"

ஓம் என்றிருக்கலாம்.
வாய் அதற்குத்தான் திறந்தது.
"பின் டயர்ல நாலு திரி.
மூணு நான் வாங்க முந்தியே இருந்தது.
பார்க்காம வாங்கிட்டன்."

ஒரு பஸ், ரெண்டு த்ரீவீல், ஒரு மீன் வண்டி
எங்களைத் தாண்டிப் போகும்வரை
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு,
"அந்த டொக்டரம்மா
ஆணி விதைச்ச வயலுக்குள்ளயா கார் ஓட்டினவ?"

சிரித்தாளா என்று திரும்பிப் பார்க்க
றோட்டு விடவில்லை.

"உஸ்ஸெண்டு ஒரு சத்தம்," என்றாள்.
"காத்து போகுதா?"
"இல்ல. அது ஏசி."
"அப்ப அதை நிப்பாட்டுங்க."
கண்ணாடியை முழுசாய் இறக்கி
காதைப் பின்பக்கம் சாய்த்தாள்.
"டயர் கேக்கட்டும்."