மயிரிழை

சாயல்குடி லேப்பில் கரண்ட் வந்ததும்
மிஷின் துப்பிய தாளில்
பீட்டா எச்.சி.ஜி. கொஞ்சம் தூக்கல்.

மூக்கையூர் ரெஜினாள், பதினாறாம் வாரம்.
"கூடுதல்னா நல்லதாக்கா?"
கணவாய்க்குப் போன புருஷன் கரையேறியதும்
வேறொன்று கேட்பான்.

பெண் கருவென்றால் இந்த எண்
மயிரிழை ஏறுமாம்,
ஆயிரம் பேர் ரத்தத்தைக் கூட்டிப் பார்த்தால்.
ஒருத்தியின் ரத்தத்தில்
அது நீரோட்டமா, வெறும் அலையடிப்பா,
எவர் கண்டது?
ஆனாலும் அந்த மயிரிழை போதும்,
ரெஜினாளை மதுரைக்கு, மறு டெஸ்டுக்கு,
விடிகாலை பஸ் ஏற்ற.

வயசு கேட்டது மிஷின். எடை கேட்டது.
சர்க்கரை உண்டா, ரெட்டையா,
எல்லாம் கேட்டுத்தான் கணக்குப் போட்டது.
அதை மட்டும் கேட்கவில்லை.

என் தலைக்கு மேல் போர்டு,
உப்புக்காற்றில் பாதி உரிந்து:
'...தெரிவிக்கப்படமாட்டாது.'

தாளை நாலாய் மடித்து
மீன் விற்ற காசோடு திணித்தாள்.
"முதல் பஸ் எத்தனை மணிக்கு?"