இடது ஓரம்

போர்ட்டேஜ் அவென்யூவில் இரவு இரண்டு மணி,
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
இடப்பக்கம் சட்டென்று வெட்டியது ஒளி.
போலீஸ்தான் என்று
பனிக்குவியலை ஒட்டி டாக்ஸியை நிறுத்தி
லைசென்ஸைக் கையில் எடுத்து வைத்தேன்.

யாரும் வரவில்லை.
பின்சீட்டில் இருந்தவர்
மீட்டரைப் பார்த்தார்.

மூன்றாம் முறையும் இப்படி நின்றபிறகுதான்
டாக்டர் பன்லிலியோவிடம் போனேன்.
"கண்ணுக்குள் இருக்கும் கூழ் சுருங்கி
விழித்திரையைப் பிடித்து இழுக்கிறது.
அதற்கு வலிக்கத் தெரியாது.
அழுத்தினாலும் இழுத்தாலும்
தெரிந்த ஒரே சொல்லைத்தான் சொல்லும்:
வெளிச்சம்."
இன்னும் கிழியவில்லையாம்.
கரும்புள்ளிகள் மழையாய்க் கொட்டினால்
அன்றே ஓடிவரச் சொன்னார்.

நேற்றும் வெட்டியது.
காரணம் தெரியும்.
ஆனாலும் கால் பிரேக்குக்குப் போனது,
கை
லைசென்ஸுக்கு.