முதல் பேரு தண்ணி

ஆறாம் எண் அறையில், கைகழுவும் தொட்டிக்கு மேல்
ஏழு புட்டிகள்.
துடைக்க எடுத்தால் அதே வரிசையில் திரும்ப வைக்க வேண்டும்.
மேனேஜர் உமையாளின் கண்டிப்பு.
அப்படித்தான் எனக்கு மனப்பாடமானது:
கழுவுவது, துடைப்பது, ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு,
கண்ணுக்கடியில் தடவும் சுண்டுவிரல் உயரக் குப்பி,
வெண்ணெய் மாதிரி ஒன்று,
கடைசியில் வெயிலுக்கானது.

அடைக்கலமேரி ஒரு துளி தொட்டதில்லை.
அங்கே மாட்டியிருக்கும் பெல்ஜியம் கண்ணாடியைக் கேளுங்கள்.
ஆனால் ஏழும் வந்த அட்டைப்பெட்டி
குப்பைக்கூடையில் விழுந்த பிறகு
யாருடைய சொத்து?
மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.
விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை அந்தம்மா.
பதிமூவாயிரத்து நானூறு.
என் சம்பளத்தோடு
இன்னும் ஆயிரத்து நானூறு போட வேண்டும்.

மருந்துக்கடை நவ்சாத்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பொடி எழுத்தைப் படித்தான்.
“முதல் பேரு தண்ணி, அக்கா.”
ரெண்டாவது?
“கிளிசரின். நாப்பத்தஞ்சு ரூபா.”
மூன்றாவது பெயரில் மூன்று தடவை தடுக்கி விழுந்து
விட்டுவிட்டான்.
எது அதிகமோ அது முதலில் வருமாம்.
நான் ஏன் சிரித்தேன் என்று அவனுக்குப் புரியவில்லை.
கழனிவாசலில் குடம் பன்னிரண்டு ரூபாய்க்குப்
பிடிக்கிறவளிடம்
தண்ணீருக்கு விலை உண்டென்று சொல்ல வேண்டியதில்லை.
இவ்வளவா என்பதுதான்.

கிளிசரின் ஒரு மூடி, பன்னீர் நாலு மூடி.
அரிசி களைந்த தண்ணீரை ஒரு நாள் வைத்திருந்தேன்.
பழைய சோறா அம்மா, என்று மகன்
மோர்மிளகாயோடு வந்து நின்றான்.

கூடத்துச் சுவரைக் காட்டி
வழிகாட்டிப் பையன் தினம் நாலு முறை சொல்வான்:
சுண்ணாம்பு, கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு,
அடுக்கடுக்காய்ப் பூசிக் கல்லால் தேய்த்தது.
நூறு வருஷம், பாருங்க, ஒரு சுருக்கம் இல்ல.
கேட்டுக் கேட்டு ஒரு ராத்திரி
நானும் உடைத்துப் பூசிக்கொண்டேன்.
இறுகியது. சிரிக்க முடியவில்லை.
மஞ்சள்கரு மட்டும் போட்ட ஆம்லெட்டைப் பார்த்து
மிச்சம் எங்கே என்றார் செபஸ்தியான்.
பதில் சொல்ல வாய் திறக்கவில்லை.
காலையில் இரண்டு பரு.
சுவருக்கு ஆகிறது சுவருக்கு.

அட்டையில் இன்னொன்றும் எழுதியிருந்ததாம்:
ஒவ்வொன்றுக்கும் நடுவே பத்து நிமிடம் ஆறவிடவும்.
அதை எந்தக் கடையில் வாங்க?
ஐந்து ஐம்பதுக்கு டவுன் பஸ்.
அதனால் கழுவல் வீட்டில்.
பன்னீர் பஸ் ஸ்டாப்பில்.
கோட்டையூர் தாண்டியதும் கிளிசரின்,
டிரைவர் பிரேக் போட்டால் காதுவரைக்கும்.
பள்ளத்தூரில் விரல்நுனி வாசலின்.
பக்கத்து சீட்டுப் பூக்காரி ராக்கு
பேசாமல் கையை நீட்டுவாள்.
கானாடுகாத்தானில் இறங்கும்போது
இரண்டு முகம் பளபளக்கும்.

ஏழாவதை மட்டும் தொடாதே என்றான் நவ்சாத்.
“வெயிலுக்குப் போடுறத வீட்ல கலக்காதீங்கக்கா, வெந்துடும்.”
முந்நூற்று இருபது.
ஆறாம் எண் அறைக்காரி ஊருக்குப் போகும்போது
தலையணைக்கடியில் விட்டுப்போன ஐநூறில் வாங்கினேன்.
அவள் அதைப் பூசிக்கொண்டு
நாள் முழுக்க ஏசியில் புத்தகம் படித்தாள்.
நான் பூசிக்கொண்டு மொட்டை மாடியில்
இருபத்திரண்டு விரிப்புகளை உதறிப் போடுகிறேன்.
பதினோரு மணிக்குள் வியர்வையோடு கண்ணுக்குள் இறங்கி
எரியும்.
முந்தானையில் ஒற்றிவிட்டு மறுபடி.

என்ன மேரி, வெள்ளைக்காரி ஆகப் போறியா,
கீழிருந்து வாட்ச்மேன் முத்துக்காளை.
இல்லண்ணே,
காயாம இருக்கப் போறேன்.

விரலில் மீந்ததைப்
புறங்கையில் தேய்க்கிறேன்,
பினாயில் பட்டு வெடித்த இடத்தில்.
கைக்கென்று அந்த வரிசையில்
ஒரு புட்டியும் இருந்ததில்லை.