அசையாமல்

பீலிக்கரையில் குடத்துக்குக் குனிந்தபோது
"அப்படியே நில்லுங்க அக்கா" என்றாள்
படம் கீற வந்த பிள்ளை.
குடம் நிறைந்து வழிந்தது.
பின்னால் வரிசையில் காத்தாயி ஏசினாள்.

பிறகு இஸ்தோப்பு தாண்டி அடுப்படிக்கே வந்துவிட்டாள்.
ரொட்டி தட்டிய கையை
உயர்த்திப் பிடிக்கச் சொன்னாள்.
கல்லில் கிடந்தது கருகிப்போனது.
தாளில் மட்டும் அது
நல்ல பதமாய் வெந்திருக்கிறது.

விரல்களை எண்ணிப் பார்த்தேன், சரி.
கொழுந்துக் கறை எங்கே என்றேன்.
"கரியில் எல்லாமே கறுப்புத்தானே."
எங்கள் அடுப்புக் கரிதான்.
கேட்காமல் மூன்று துண்டு எடுத்திருந்தாள்.

லிந்துலை பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில்
பீலிக்கரைப் படத்தை எனக்கே தந்தாள்.
காம்பராவில் காற்று நுழையும் பலகை வெடிப்பின் மேல்
கோதுமைப் பசையால் ஒட்டினேன்,
மேல் ஓரத்தை மட்டும்.

ராத்திரியில் காற்று தள்ளும்போது
குனிந்திருப்பவள்
கொஞ்சம் நிமிர்கிறாள்.