கதைமட்டை

கோப்பாயில் மூன்று நாள் பயிற்சி முடிந்து
கொண்டுவந்தேன் ஒரு மட்டை.
முப்பத்தாறு கட்டம்,
கட்டத்துக்கு ஒரு படம், கீழே ஒரு சொல்.
ஒரு படத்தில் எவனோ பனியில் சறுக்கினான்.
இன்னொன்றில் ஒருத்தி
முள்ளுக்கரண்டியால் எதையோ குத்தித் தின்றாள்.
"உணவு" என்று எழுதியிருந்தது.
பாசையூரில் யார் உணவு கேட்டது?
வெட்டி எறிந்துவிட்டுப்
புட்டைப் படம்பிடித்து ஒட்டினேன்.
பிறகு பான், தண்ணிப் போத்தல், கக்கூஸ் கதவு,
அவன் வந்திறங்கும் பேதுருவண்ணையின் ஓட்டோ.
லமினேற் பண்ணின காசு என்னுடையது.

டெரிக்சனுக்கு எட்டு வயது.
இடாப்பில் அவன் பெயருக்கு நேரே
எனக்கு முன்னிருந்தவர் பென்சிலால் எழுதியிருந்தார்:
"கதைக்கமாட்டான்."

நண்டுக் கொம்பனியிலிருந்து நேரே வந்த றஜினா
கையைச் சட்டையில் துடைத்துவிட்டும்
மட்டையைத் தொடாமலே பார்த்தா.
"இதைக் குடுத்தால் பிறகு
வாய் திறக்கவே மாட்டானே, ரீச்சர்?"
"படம் காட்டி வாயடைச்ச பிள்ளை இல்லையாம்" என்றேன்.
அந்த "யாம்"
எங்கள் இரண்டு பேர் காதிலும் விழுந்தது.

முதல் இரண்டு கிழமையும் மட்டையில் கதைத்தது நான்தான்.
வாயால் சொல்வதை விரலாலும் சொல் என்றார்கள்.
நான். தண்ணி. குடிக்க.
அவன் சன்னல் கம்பியை
நக்கிக்கொண்டிருந்தான்.
அதிபர் எட்டிப் பார்த்து
"ஆருக்குப் பாடம் நடக்குது?" என்றார்.

பதினேழாம் நாள், மத்தியானச் சாப்பாடு.
இன்னொரு கரண்டி பருப்பை நீட்டினேன்.
அவன் விரல் மெல்ல இறங்கியது:
"காணும்."
இவ்வளவு காலமும் கோப்பையைத் தட்டிவிட்டுச் சொன்னதை
ஒரு சோறு சிந்தாமல் சொன்னான்.
அடுத்த நாள் ஏழாம் வாய்ப்பாட்டின் நடுவில்
மிதுர்ஷா எழும்பி வந்து
அதே கட்டத்தைத் தொட்டுவிட்டு ஓடினாள்.

இதை எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன்.
ஐப்பசியில் ஒரு செவ்வாய்
"வெளியே" என்றான்.
"பிறகு" என்றேன்.
வெளியே. வெளியே.
நாற்பதுவரை எண்ணினேன்.
மட்டையைப் பறித்து அலுமாரிக்கு மேல் வைத்தேன்.
வகுப்பு அடங்கிப்போனது.
அப்போதுதான் எனக்குக் கேட்டது:
தலைக்கு மேல் காற்றாடி,
சுற்றுக்கு ஒருதரம்
எலும்பில் இரும்பு உரசுவதுபோல் ஒரு கிறீச்.
இரண்டு காதையும் பொத்திக்கொண்டு
அவன் அலுமாரியைப் பார்த்தபடி நின்றான்.

வாயைக் கட்டிவிட்டு
"ஏன் சொல்லேல்லை" என்று கேட்பவர்களை
இந்த ஊர் நிறையக் கண்டிருக்கிறது.
நானும் கண்டிருக்கிறேன்.
நானே அதுவாய் நின்றது
அன்றைக்குத்தான்.

கதிரையில் ஏறி மட்டையை எடுத்துக் கொடுத்தேன்.
இரண்டு கட்டம் தொட்டான்.
"ரீச்சர்." "கூடாது."
எழுவாய், பயனிலை,
குறையொன்றும் இல்லாத அவனுடைய முதல் வசனம்.
"ஓம்" என்று தொட்டேன்.
வெளியே போனோம். வேப்பமரத்தடியில்
மணியடிக்கும்வரை இருந்தோம்.

காற்றாடிக்கு எண்ணெய் விட ஆள் வரப் பதினொரு நாள்.
அதற்குள் "சத்தம்" என்றொரு கட்டம்
பேனையால் கீறி, ஓரத்தில் செலோரேப்பால் ஒட்டினேன்.
றஜினா வீட்டுக்கும் ஒன்று கேட்டா:
"அதில கடலையும் போடுங்கோ.
தகப்பன் எங்கை போறார் எண்டு
இவன் ஒருநாளும் கேட்டதில்லை.
கேக்க ஏலாமல் இருந்தவனோ தெரியாது."

ஒட்டின இடத்துக்குப் பக்கத்தில்
ஒரு கட்டம் வெறுமையாய்க் கிடக்கிறது.
சில நாள் அதைத் தொட்டுவிட்டு
என் முகத்தைப் பார்க்காமல், என் கையைப் பார்த்தபடி நிற்பான்.
நான் "தெரியாது" என்ற கட்டத்தைத் தொடுவேன்.
அவன் திரும்பவும் வெறுங்கட்டத்தைத் தொடுவான்.
வெளியே பேதுருவண்ணை
ஹோண் அடித்துக்கொண்டே இருப்பார்.