திறந்திருந்த கதவு

மூன்று பள்ளத்தாக்குக்கும் சேர்த்து ஒரே பள்ளிக்கூடம்,
சிக்னல் விளக்கு ஒன்றுகூடக் கிடையாது என்று
பெட்ரோல் போட்டவர் பெருமையாகச் சொன்னார்.
இந்த மாவட்டத்தில்
ஆட்களைவிட ஆடுகள் அதிகமாம்.
எண்ணிக்கொண்டே ஓட்டினேன்.
நாற்பதில் வளைவு வந்துவிட்டது.

பழைய சிறைச்சாலைதான் அருங்காட்சியகம்.
சாவி வைத்திருப்பவள் எதிர்க்கடையில்
ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தாள்.
பாதித் தலையோடு அவரை உட்காரவைத்துவிட்டு வந்து
பூட்டைத் திருகி, தோளால் முட்டித் திறந்தாள்.
ஒரு சிப்பாயின் தகரக் குவளை,
மேப்பிள் மரத்தில் துளையிடும் திருகு,
நாக்கு அறுந்த மாட்டு மணி.
சுவரில் ஆணியால் கீறிய கோடுகள், ஐந்து ஐந்தாக.
"பன்றி திருடினவன்," என்றாள் டெல்ஃபியா ஸ்வெக்கர்.
"என் புருஷனுக்குக் கொள்ளுத்தாத்தா."
சிரிக்கலாமா என்று தெரியவில்லை.
கட்டணம் இல்லை, கையெழுத்துப் போதும்.
எனக்கு மேலே இருந்த பெயருக்குப்
பதினொரு நாள் வயது.

சாலையோரம் ஒரு குளிர்சாதனப் பெட்டி,
பக்கத்தில் ஆளில்லை.
மேல் தட்டில் முட்டை, கீழ்த் தட்டில் தூண்டில் புழு,
இரண்டுக்கும் சேர்த்து ஒரே காப்பி டப்பா.
முட்டை வாங்கினேன்.
டப்பாவில் என் சில்லறை விழுந்த சத்தம்
பள்ளத்தாக்குக்கே கேட்டிருக்கும்.

மலைப்பாதை ஒரு மேய்ச்சல் நிலத்தின் ஊடே போகிறது.
இரும்புக் கதவு விரியத் திறந்து கிடந்தது.
யாரோ மறந்திருப்பார்கள் என்று
நல்ல பிள்ளையாகச் சாத்தி, சங்கிலி மாட்டி,
உள்ளங்கைத் துருவைத் தட்டிவிட்டு ஏறினேன்.
உச்சியில் பாறை, காற்று, ஓர் ஆப்பிள்.
கீழே நிலம்
உதறி விரித்தபின் ஓரம் இழுக்க மறந்த போர்வை.
என்னை நானே மெச்சிக்கொண்டிருந்த மதியம் அது.

இறங்கி வந்தபோது
முப்பது கறுப்பு மாடுகள்
நான் சாத்திய கதவில் மூக்கை வைத்து நின்றன.
ஒன்றுகூடக் கத்தவில்லை.
கதவுக்கு அந்தப் பக்கம், பத்தடி தள்ளி, ஓடை
எல்லாவற்றுக்கும் கேட்கும்படி
ஓடிக்கொண்டிருந்தது.

பிக்கப்பிலிருந்து இறங்கிய ஆர்வில் பஃபன்பார்கர்
சங்கிலியைப் பார்த்தார், என் பூட்ஸைப் பார்த்தார்.
"வரும்போது திறந்திருந்துச்சா?"
"ஆமாம்."
"அப்போ அது திறந்திருக்கணும்."
அவ்வளவுதான் திட்டு.
உரசிப்போன ஒவ்வொரு விலாவிலிருந்தும்
ஒரு பகல் வெயில் என் சட்டைக்கு ஏறியது.
தண்ணீர் குடிக்கும் ஓசையை
அதற்குமுன் நான் கேட்டதே இல்லை,
முப்பது தொண்டைகளில், ஒரே சமயத்தில்.

அவருடைய களஞ்சியம் முகட்டின் மேல் நிற்கிறது.
கூரையின் இந்தச் சரிவில் விழும் மழை
கிழக்கே ஓர் ஆற்றுக்கு,
அந்தச் சரிவில் விழுவது
தெற்கே வேறோர் ஆற்றுக்கு.
"நடுவுல பூனை படுத்திருக்கும்," என்றார்.
"அது எந்தப் பக்கம் உதறுதோ, அந்த ஆறு."
மேப்பிள் பாகு ஒரு போத்தல் தந்தார்.
மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள இருந்தேன்,
விலை சொன்னார்.
மீதியைச் சரியாக எண்ணிக் கொடுத்தார்.

இரவு மழை பிடித்துக்கொண்டது.
விடுதியின் கூடத்துக் கதவு
பாதி திறந்திருந்தது.
கையை எடுத்துப் பைக்குள் விட்டுக்கொண்டு
பக்கவாட்டில் திரும்பி,
முட்டை உடையாமல்,
நுழைந்தேன்.